லினக்ஸ் பாவிக்க டேர்மினல் தெரிந்திருக்க வேண்டுமா? ஒரு தட்டச்சுக் கடைக்கான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். திருகோணமலை நகருக்குள் ஃபோட்டோகொப்பி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தல் என்று நடக்கும் ஒரு சிறிய கடை. 4 ஜிபி ராம் உள்ள மூன்று பழைய கணினிகள், மூன்றிலும் விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 இந்தக் கணினிகளில் ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடச் சொல்லி ஒருவர் சொல்ல, "கறுப்புத் திரையில் கொமாண்ட் அடிக்கத் தெரியாட்டி லினக்ஸில ஒண்டும் செய்யேலாது" என்று இன்னொருவர் பயங்காட்டியிருக்கிறார். கடையில் நிற்கும் தங்கச்சிக்கு வேர்டும் பாமினியும்தான் பழக்கம். போடலாமா?

போடலாம். அந்தத் தங்கச்சிக்கு டேர்மினல், அதாவது கொமாண்டை எழுத்தாக அடிக்கும் அந்தக் கறுப்புத் திரை, தேவைப்படாது. ஆனால் அந்தக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, அது நீங்களாக இருந்தாலும் சரி, கூப்பிட்டால் வரும் பொடியனாக இருந்தாலும் சரி, கொஞ்சம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். "லினக்ஸுக்கு டேர்மினல் தேவையா" என்று சண்டை பிடிப்பவர்கள் பாவிப்பவரையும் பராமரிப்பவரையும் ஒரே ஆளாக நினைத்துக்கொண்டு கதைப்பதால்தான் அந்தச் சண்டை முடிவதில்லை. விண்டோஸிலும் அதன் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைக் கிண்டத் தெரிந்துகொண்டா எல்லாரும் வேர்ட் அடிக்கிறார்கள்?

எந்த லினக்ஸ் என்பதை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பதில் அதில் தங்கியிருக்கிறது. உங்களுக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசை, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டொப் உள்ள பதிப்பு. இது உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மின்ட் கேட்பது குறைந்தது 2 ஜிபி ராம், வசதியாக ஓட 4 ஜிபி. ஆர்ச், ஜென்டூ போன்றவை டேர்மினல் இல்லாமல் நகராது, அவை வேறு ஆட்களுக்கு. டெபியன் நல்லதுதான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது: நிறுவும்போது ரூட் (முழு அதிகாரமுள்ள கணக்கு) பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், ரூட்டின் அதிகாரத்தைக் கடன் வாங்க விடும் சூடோ குழுவில் உங்கள் கணக்கு சேராது. பிறகு சூடோ போட்டு எதை நிறுவப் போனாலும் உங்களுக்கு அனுமதி இல்லை என்று வரும்; அதைத் திருத்த டேர்மினலுக்குத்தான் போக வேண்டும். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் பிரச்சினையே இல்லை. ஃபெடோராவில் சில வீடியோக்கள் ஓட வெளியிலிருந்து கொடெக் என்ற துணை மென்பொருள் சேர்க்க வேண்டும். அதற்கான வழிகாட்டிகள் எல்லாம் கொமாண்டிலேயே இருக்கும். மின்ட்டில் நிறுவும்போது மல்டிமீடியா கொடெக் என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டால் போதும்.

கடை வேலை என்று பார்த்தால், ஃபயர்பொக்ஸில் அரசாங்க இணையத்தளங்கள், வட்ஸ்அப் வெப், லிப்ரே ஒஃபிஸில் கடிதம், ஸ்கானர், பென் டிரைவ். இவை எல்லாம் மவுஸால் நடக்கும். பென் டிரைவைச் செருகினால் தானே திறக்கும். அப்டேட் வந்தால் கீழ் மூலையில் கேடயம் போல ஒரு சின்னம் தெரியும். அதைக் கிளிக் செய்து, நிறுவு என்பதை அழுத்தி, பாஸ்வேர்ட் அடித்தால் சரி. புதிய மென்பொருளுக்கு சொஃப்ட்வெயார் மெனேஜர். அதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: பல மென்பொருள்கள் இரண்டு வடிவில் இருக்கும், ஒன்று மின்ட்டின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து வரும் சிஸ்டம் பொதி, மற்றது எந்த லினக்ஸிலும் ஓடும்படி தனியாகக் கட்டிய ஃபிளாட்பாக். ஃபிளாட்பாக்கில் முதலாவது மென்பொருளைப் போடும்போது அதோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான எம்பி அடித்தளமும் இறங்கும். டேட்டா பக்கேஜில் ஓடும் கடைக்கு அது வீண்செலவு. சிஸ்டம் பொதி இருந்தால் அதையே எடுங்கள்.

பாமினிக்கு வருவோம், தட்டச்சுக் கடைக்கு இதுதான் உயிர். பாமினி யூனிகோட், அதாவது தமிழுக்கென்று தனி இடம் உள்ள உலகப் பொது எழுத்துக் குறியீடு, அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு. ஆகவே லினக்ஸில் அதற்கு எந்தக் கீபோர்ட் மென்பொருளும் தேவையில்லை. விண்டோஸ் கணினியின் ஃபோன்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினி கோப்பை பென் டிரைவில் எடுத்து வந்து, இரட்டைக் கிளிக் செய்து நிறுவு என்பதை அழுத்தலாம். அது சரிவராவிட்டால், உங்கள் ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் தெரியும். அதில் புள்ளியில் தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபோன்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அது இல்லாவிட்டால் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கிக் கோப்பை அதற்குள் போடுங்கள். லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் எழுத்துருப் பட்டியலில் பாமினி நிற்கும். தங்கச்சி வழமை போல் அடிக்கலாம். பழைய கோப்புகளும் திறக்கும். வரி உடைவு மட்டும் சில இடங்களில் வேர்டில் இருந்ததுபோல் இராது. முக்கியமான ஆவணத்தை அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

யூனிகோட் தமிழ் அடிக்க வேண்டுமானால், சொஃப்ட்வெயார் மெனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைத் தேடிப் போடுங்கள். பிறகு மெனுவில் உள்ளீட்டு முறை என்ற இடத்தில் ஐபஸைத் தெரிவுசெய்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் என்பதற்குக் கீழ் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர், ரெங்கநாதன் என்று வரிசையாக இருக்கும். இலங்கை நியமம் ரெங்கநாதன்தான். பாமினிக்குப் பழகிய விரலுக்கும் ரெங்கநாதனோ டைப்ரைட்டரோதான் கிட்ட வரும், பழைய தட்டச்சுப் பொறியின் சாயல் இவற்றில் இருப்பதால். வெளியேறி உள்ளே வராமல் "வேலை செய்யுதில்லை" என்று கைவிடுகிறவர்கள்தான் இதில் அதிகம்.

பிரின்டர்தான் உண்மையான சோதனை. எப்சன் இங்க் டாங்க் வகைகள் பெரும்பாலும் செருகியதும் தாமாகவே சேரும். எச்பியின் லேசர்ஜெட் 1020, பி1102 போன்றவற்றுக்கு எச்பி தரும், மூலநிரல் வெளியிடாத செருகுநிரல் (துணை மென்பொருள்) ஒன்று வேண்டும். சொஃப்ட்வெயார் மெனேஜரில் எச்பிலிப் என்ற எச்பி பிரின்டர் மென்பொருளின் எச்பிலிப் ஜியூஐ என்பதைப் போட்டால் மெனுவில் எச்பி டூல்பொக்ஸ் வரும். அதில் பிரின்டரைச் சேர்க்கும்போது செருகுநிரலை இறக்கவா என்று அதுவே கேட்கும். அந்த நேரம் இணையம் இருக்க வேண்டும். செருகுநிரலின் பதிப்பும் எச்பிலிப்பின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இதில் சிக்கலான இடம். மின்ட்டை ஒரு பெரிய பதிப்பிலிருந்து அடுத்ததற்கு ஏற்றினால் எச்பிலிப் மாறும், செருகுநிரல் பழையதாகவே நிற்கும், பிரின்டர் வாய் திறக்காது. பிரின்டரை நீக்கி, டூல்பொக்ஸால் மறுபடி சேர்த்தால் சரியாகும்.

கேனன் எல்பிபி 2900 இருந்தால் விஷயம் வேறு. எங்கள் பக்கம் கடைகளில் அது நிறையவே இருக்கிறது. அது கேனனின் சொந்த மொழியான சிஏபிடியில் மட்டுமே பேசும். அதற்கான லினக்ஸ் டிரைவர் பழையது, மற்ற வழி மூலநிரலிலிருந்து கட்டிக்கொள்வது. இரண்டும் டேர்மினல் வேலை, இரண்டும் அடுத்த அப்டேட்டில் உடையலாம். அந்தப் பிரின்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். மூன்றில் ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டு அதில் அதைப் பூட்டுங்கள். மற்ற இரண்டிலிருந்தும் பிடிஎஃப் ஆக்கி, பகிர்ந்த ஃபோல்டரால் அனுப்புங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் அந்த ஒரு விண்டோஸ் உங்களுக்கு வேண்டும். பாஸ்போர்ட் அளவுப் படம் வெட்டுவதற்கு ஃபோட்டோஷொப்பும், திருமண அழைப்பிதழுக்கு கோரல் டிரோவும், இன்னும் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளும் வைத்திருக்கும் கடையென்றால், இவை எதுவும் லினக்ஸில் நேரே ஓடாது. கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் நல்லவைதான், ஆனால் வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போது புதிதாகப் பழக முடியாது. உங்களைப் போன்ற கடைகளுக்கு லினக்ஸில் உள்ள தடை இதுதான். டேர்மினலைக் காட்டி யாரும் இதை மறைக்கத் தேவையில்லை.

வைஃபை கூட இதே வகைதான். உள்ளே பொருத்திய இன்டெல் சிப் என்றால் கவலை இல்லை. புரோட்கொம் என்றால் டிரைவர் மெனேஜரைத் திறந்து தெரிவுசெய்ய வேண்டும். "டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும்" என்ற சுழலில் மாட்டிக்கொண்டால், ஒரு அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி கேபிளால் பூட்டி, போனின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், ஒரு டிரைவரும் வேண்டாம். மலிவான ரியல்டெக் யூஎஸ்பி வைஃபை குச்சிகள்தான் தலையிடி. சிலவற்றுக்கு லினக்ஸின் கருவான கேர்னலில் டிரைவர் இல்லாததால், வெளியிலிருந்து மூலநிரலை எடுத்து, கணினியிலேயே டிரைவரைக் கட்டும் டிகேஎம்எஸ் முறையில் சேர்க்கச் சொல்வார்கள். அது முழுக்க டேர்மினல். கேர்னல் அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும் அந்த டிரைவர் மறுபடி கட்டப்பட வேண்டும். அதற்கு வேண்டிய கேர்னல் ஹெடர் பொதி இல்லாவிட்டால் கட்ட முடியாது, மறுநாள் காலை வைஃபை காணாமல் போயிருக்கும். அதற்கு முன் அப்டேட் மெனேஜரின் வியூ மெனுவில் லினக்ஸ் கேர்னல்கள் என்ற இடத்தில் புதிய கேர்னல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். புதிய கேர்னல்களில் முன்பு இல்லாத பல ரியல்டெக் டிரைவர்கள் சேர்ந்தே வருகின்றன. அப்படியும் வராவிட்டால் குச்சியை மாற்றுவது மலிவு.

இனி டேர்மினல் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள். எங்கள் ஊரில் இவற்றில் பாதிக்குக் காரணம் கரண்ட்.

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பொதிகள் பாதி அவிழ்ந்த நிலையில் நிற்கும். மறுபடி அப்டேட் மெனேஜரைத் திறந்தால், டிபிகேஜி (பொதிகளை நிறுவும் கருவி) இடையில் நின்றுவிட்டது, இந்தக் கொமாண்டை நீங்களே ஓட்டுங்கள் என்று ஒரு செய்தி வரும். ஓட்ட வேண்டிய வரி அந்தச் செய்திக்குள்ளேயே ஆங்கிலத்தில் முழுசாக இருக்கும். கன்ட்ரோல், ஓல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டேர்மினல் திறக்கும். செய்தியில் உள்ளதை அப்படியே, இடைவெளி இடைவெளியாக, சிறிய எழுத்து சிறிய எழுத்தாக அடித்து என்டர் தட்டுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும், அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாமல் இருக்கலாம். கீபோர்ட் பழுது என்று நினைத்து அங்கேயே எழும்பிவிடுபவர்கள் உண்டு. விழாவிட்டாலும் அடிபடுகிறது, அடித்து என்டர் தட்டுங்கள். அது முடிந்தபின், உடைந்த சார்புகளை (ஒரு பொதிக்குத் தேவையான மற்றப் பொதிகளை) திருத்தும், ஆப்ட் என்ற நிறுவல் கருவியின் கொமாண்ட் ஒன்றும் தேவைப்படலாம். அதையும் பெரும்பாலும் திரையே சொல்லும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு செய்தி உண்டு: பூட்டுக் கோப்பை வேறொரு செயல் பிடித்து வைத்திருக்கிறது என்பது. அது பழுதல்ல. பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது. பத்து நிமிடம் விட்டுவிட்டு வந்தால் தானே விடுபடும். இணையத்தில் பலர் அந்தப் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்வார்கள். அழித்தால் இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் பொதித் தரவுத்தளத்தில் எழுதும், உண்மையான பழுது அப்போதுதான் தொடங்கும்.

இரண்டாவது இடம், கணினி திறக்காமலே நிற்பது. கரண்ட் போய் வந்தபின் கறுப்புத் திரையில் பிஸிபொக்ஸ் என்று வந்து, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லுக்கு அருகில் கர்சர் துடிக்கும். கொஞ்சம் மேலே பார்த்தால், கோப்பு முறைமையில் எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகேயை (டிஸ்க்கின் கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் கொமாண்ட்) நீங்களே ஓட்டுங்கள் என்றும், எந்தப் பகுதியில் என்றும் எழுதியிருக்கும். பகுதியின் பெயர் டெவ் என்று தொடங்கி எஸ்டிஏ2 போன்ற ஒன்றில் முடியும். எஃப், எஸ், சி, கே நான்கு எழுத்தும் சேர்த்து, ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் ஒய்யும், மறுபடி ஒரு இடைவெளி, பிறகு திரையில் உள்ள பகுதியின் பெயர். என்டர். ஒய் என்பது "கேட்கிற எல்லாவற்றுக்கும் ஆம்" என்று பொருள். முடிந்ததும் எக்சிட் என்று அடித்தால் வழமைபோல் திறக்கும். மவுஸ் என்ற ஒன்றே அந்த நிலையில் இல்லை.

இது ஒருமுறை நடந்தால் கரண்டின் குற்றம். மாதத்துக்கு இரண்டு முறை நடந்தால் டிஸ்க்கைப் பாருங்கள். மெனுவில் டிஸ்க்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து, மேல் மெனுவில் ஸ்மார்ட் தரவு (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே எழுதிவைக்கும் கணக்கு) என்பதைத் தெரிவுசெய்தால் ஒரு பட்டியல் வரும். ஹார்ட் டிஸ்க் என்றால் 5ஆம், 197ஆம் எண் வரிகளில் பூச்சியத்துக்கு மேல் இருந்து, வாரத்துக்கு வாரம் கூடினால் டிஸ்க் சாகப் போகிறது. எஃப்எஸ்சிகே ஓட்டாமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். 199ஆம் எண் வரி மட்டும் கூடினால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிளோ அதன் முனையோ பழுது. கடலோர நகரத்தில் உப்புக்காற்று முனைகளைத் தின்பது புதினமில்லை. கேபிளை மாற்றிப் பார்ப்பது சில நூறு ரூபாய் வேலை. எப்படியும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் பூட்டினால் மேலே சொன்ன இரண்டு தொல்லையும் பெரும்பகுதி குறையும்.

மூன்றாவது இடம், பாஸ்வேர்ட் சரியாக அடித்தும் திரை ஒரு கணம் கறுத்து மறுபடி பாஸ்வேர்டுக்கே வந்து நிற்பது. டிஸ்க் நிரம்பியதால் பெரும்பாலும் வருவது இது. 120 ஜிபி எஸ்எஸ்டியில், சிஸ்டத்தைப் பிரதி எடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் மென்பொருளின் பிரதிகளை அளவில்லாமல் சேர விட்டால் நிச்சயம் ஒருநாள் நிரம்பும். கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்தினால் எழுத்துத் திரை வரும். பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போகலாம். டிஎஃப் என்று அடித்து, இடைவெளி விட்டு, கழித்தல் குறியும் எச்சும் அடித்தால் எந்தப் பகுதி எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். சூடோ ஆப்ட் கிளீன் என்ற கொமாண்ட், முன்பு இறக்கி வைத்த நிறுவல் கோப்புகளை அழித்துக் கொஞ்சம் இடம் தரும். எஃப்7ஐ அதே மாதிரி அழுத்தி வரைகலைத் திரைக்குத் திரும்பி உள்ளே போய், மிச்சத்தை மவுஸால் துப்பரவாக்குங்கள்.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. யாரோ சொன்னதைக் கேட்டு, ஃபோல்டர் மெனேஜர் மாதிரி ஒரு சாளர மென்பொருளை சூடோ போட்டுத் திறந்திருந்தால், உங்கள் ஹோமில் இருக்கும் சில கோப்புகள் ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கலாம். எக்ஸ்ஒதோரிட்டி என்ற மறைகோப்பு அப்படி மாறினால் உங்கள் கணக்கால் திரையைத் திறக்க முடியாது. ஆகவே சூடோவைச் சாளர மென்பொருள்களோடு சேர்க்க வேண்டாம். ஃபோல்டருக்குள் வலது கிளிக் செய்தால் ரூட்டாகத் திறக்க மின்ட்டிலேயே வழி இருக்கிறது.

இவற்றிலும் சிலவற்றுக்கு டேர்மினலைத் தவிர்க்க ஒரு பக்க வாசல் உண்டு, பலருக்குத் தெரியாது. கணினி தொடங்கும்போது ஷிஃப்ட்டையோ, யூஇஎஃப்ஐ (புதிய வகைத் தொடக்க முறை) கணினிகளில் எஸ்கேப்பையோ அழுத்தினால் குரப் என்ற தொடக்க மெனு வரும். அதில் அட்வான்ஸ்ட் என்று தொடங்கும் வரி, அதற்குள் ரிகவரி மோட். அங்கே கிளீன், டிபிகேஜி, எஃப்எஸ்சிகே என்று தனித்தனி வரிகள் இருக்கும். அம்புக்குறியால் தெரிவுசெய்து என்டர் தட்டினால் அந்தந்த வேலையை அதுவே செய்யும். அதையும் விடப் பெரிய வாசல் டைம்ஷிஃப்ட். மின்ட்டை நிறுவிய அன்றே அதைத் திறந்து, நாளாந்தப் பிரதி இரண்டு, வாராந்தப் பிரதி ஒன்று என்று அமையுங்கள். லினக்ஸ் கோப்பு முறைமை உள்ள பகுதியில்தான் அது பிரதி எடுக்கும், சாதாரண பென் டிரைவில் எடுக்காது. ஒரு அப்டேட்டுக்குப் பின் திரையே வராவிட்டால், நிறுவப் பாவித்த அதே பென் டிரைவால் கணினியைத் தொடங்கி, அதிலுள்ள டைம்ஷிஃப்ட்டைத் திறந்து நேற்றைய பிரதிக்குப் போகலாம், முழுக்க மவுஸால். அந்தப் பென் டிரைவை ஆட்களுக்குப் படம் ஏற்றிக் கொடுக்க எடுத்துவிடாமல் லாச்சிக்குள் வையுங்கள். ஒன்று மறக்க வேண்டாம்: டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும், உங்கள் ஆவணங்களை அல்ல. ஆவணங்களுக்கு வேறு பிரதி வேண்டும்.

சில இடங்களில் டேர்மினல் வழி இருந்தும் அது தவறான வழி. விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கும் கணினியில், விண்டோஸ் பகுதியை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது என்று அடிக்கடி கேட்பார்கள். விண்டோஸ் உண்மையில் அணைக்கப்படவில்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அதைப் பாதித் தூக்கத்தில் வைத்திருக்கிறது. அதனால்தான் லினக்ஸ் எழுத மறுக்கிறது. அந்தத் தூக்கக் கோப்பை அழிக்கும் கொமாண்ட் ஒன்று தருவார்கள். அழித்தால், விண்டோஸில் சேமிக்காமல் விட்டது எல்லாம் போய்விடும். விண்டோஸுக்குள் போய், பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிட்டு, முறைப்படி அணைப்பதுதான் மருந்து. மாறாக, இதே இரட்டைக் கணினியில் லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னுக்கு நிற்கும். லினக்ஸ் கணினியின் உள் மணிக்கூட்டில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று வாசிக்கிறது. இதற்கு டைம்டேட்சிடிஎல் என்ற கொமாண்டில் ஒரே ஒரு வரி போதும், மெனுவில் தேடி அலைவதுதான் நேரவிரயம்.

அப்படியானால் இணையத்தில் எதைக் கேட்டாலும் கொமாண்டாகவே ஏன் பதில் வருகிறது? பதில் சொல்பவருக்கு அதுதான் சுலபம். உங்கள் திரையில் மெனு எந்தப் பக்கம், நீங்கள் பாவிக்கும் டெஸ்க்டொப் சினமனா எக்ஸ்எஃப்சிஇயா, மெனு தமிழிலா ஆங்கிலத்திலா என்று அவருக்குத் தெரியாது. பொத்தானின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கொமாண்ட் பத்து வருடமாக அப்படியே இருக்கும். திரும்பி வரும் விடையையும் எழுத்தாகவே ஒட்டி அனுப்பலாம். ஆகவே கொமாண்டில் பதில் வந்ததற்காக மவுஸில் வழி இல்லை என்று நினைக்க வேண்டாம். கேட்கும்போதே "மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ, மவுஸால் செய்யும் வழி" என்று சேர்த்துக் கேளுங்கள்.

ஆபத்து எங்கே என்றால், தெரியாமல் ஒட்டுவதில்தான். 2021இல் கனேடிய யூடியூபர் லைனஸ் செபஸ்டியன், பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளைப் போட முயன்றார். அந்த நேரம் அந்தப் பொதியின் சார்புகளில் ஒரு பிழை இருந்தது. மவுஸால் நிறுவும் மென்பொருள் மெனேஜர் மறுத்துவிட்டது. அவர் டேர்மினலுக்குப் போனார். அத்தியாவசியமான பொதிகள் நீக்கப்படப் போகின்றன என்று ஆப்ட் எச்சரித்து, "ஆம், நான் சொல்வதைச் செய்" என்ற பொருள்பட ஒரு முழு வசனத்தைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கேட்டது. அவரும் செய்தார், டெஸ்க்டொப் முழுவதும் போனது. அதன்பிறகு ஆப்ட்டில் இந்த வழியை இறுக்கினார்கள். மவுஸ் மறுக்கும்போது அதற்குக் காரணம் இருக்கும். கொமாண்ட் வழி அந்தக் காரணத்தை வாசிக்கத்தான், அதைத் தாண்டிப் போவதற்கு அல்ல.

ஆகவே ஆப்ட் ஏதாவது நிறுவப் போகும்போது, ஒய் (ஆம்), என் (இல்லை) என்று கேட்டு நிற்கும் இடத்தில், மேலே நீக்கப்படும் பொதிகள் என்ற பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிரின்டர் டிரைவருக்கு நாற்பது பொதிகளை நீக்கப் போகிறது என்றால் என் அடித்துவிடுங்கள். ஒய் பெரிய எழுத்திலும் என் சிறிய எழுத்திலும் இருந்தால், வெறுமனே என்டர் தட்டுவதும் ஆம் என்றே எடுபடும். இணையத்திலிருந்து நகலெடுத்த வரியை நேரே டேர்மினலில் ஒட்டாமல், முதலில் டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வரிகளைச் சேர்த்து நகலெடுக்க வைக்கும் இணையப் பக்கங்கள் உண்டு. ஆர்எம் என்று தொடங்கும் வரி அழிப்பது. டிடி என்று தொடங்கும் வரி டிஸ்க்கின் மேல் நேரே எழுதுவது, ஒரு எழுத்துப் பிழைத்தால் வேறு டிஸ்க் போய்விடும். சிஎச்மோடும் 777உம் சேர்ந்து வந்தால், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிடும் சோம்பேறி வைத்தியம். கேர்ல் என்று தொடங்கி, நடுவில் ஒரு நெடுங்கோடு வந்து, பாஷ் என்று முடிந்தால், இணையத்தில் உள்ள ஒரு கோப்பை வாசிக்காமலே ஓட்டப் போகிறீர்கள். வரியில் உபுண்டு 16.04, 18.04 என்று பழைய பதிப்பு எண் தெரிந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். ஏஐயிடம் கேட்டு வாங்கிய வரிக்கும் இதெல்லாம் பொருந்தும். அதனிடமே ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும், எதை அழிக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

பார்த்துக்கொள்ளும் ஆள் பழக வேண்டியது ஒரு மாலை நேர வேலைதான். டேர்மினலில் நகலெடுக்கவும் ஒட்டவும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். கன்ட்ரோலும் சியும் மட்டும் அழுத்தினால் ஓடுகிற செயல் நின்றுவிடும். அப்டேட் ஓடும்போது எதையோ நகலெடுக்கப் போய் அதை நிறுத்திவிடுவது இப்படித்தான். பாதிப் பெயர் அடித்து டாப் விசையைத் தட்டினால் மிச்சத்தை அதுவே நிரப்பும், எழுத்துப்பிழைக்கு அதைவிட நல்ல காவல் இல்லை. மேல் அம்பு முன்பு அடித்த வரியைக் கொண்டு வரும். நீளமான பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டால் கியூ அடித்தால் வெளியே வரலாம். எல்எஸ்யூஎஸ்பி பூட்டியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களைக் காட்டும், எல்எஸ்பிஎல்கே டிஸ்க்குகளைக் காட்டும். இரண்டும் பார்ப்பவை மட்டும், எதையும் மாற்றாதவை, பயமில்லாமல் அடிக்கலாம். யாரிடமாவது உதவி கேட்கப் போகும்போது கணினியின் முழு விபரம் வேண்டுமானால், மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதில் நகலெடுக்கும் பொத்தானே இருக்கிறது.

இனி நிறுவும் ஒழுங்கு. மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மின்ட்டின் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி; டேட்டா மலிவான நேரத்தில் இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, ஒரு கணினியை நிறுவாமல் அதிலிருந்தே தொடங்குங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. ஒரு பக்கம் அச்சடியுங்கள், ஒரு அடையாள அட்டையை ஸ்கான் செய்யுங்கள், வைஃபையில் ஒரு விண்ணப்பத் தளத்தைத் திறந்து பாருங்கள், சத்தம் வருகிறதா கேளுங்கள், தூங்க வைத்து எழுப்புங்கள். பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும், அதைக் கணக்கெடுக்க வேண்டாம். கணினியில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் என்றால், லினக்ஸ் போடுவதற்கு முன் ஒரு எஸ்எஸ்டியில் காசு போடுங்கள். 4 ஜிபி ராமில் பிரவுசரில் பத்து டாப் திறந்தால் எந்த லினக்ஸும் திணறும், எஸ்எஸ்டி இருந்தால் அந்தத் திணறல் பொறுக்கும் அளவுக்குக் குறையும். கடையில் அதிகம் ஓடும் பிரின்டர் இந்தச் சோதனையில் அச்சடிக்காவிட்டால், மேலே சொன்ன எச்பி செருகுநிரலைப் போட்டுப் பார்த்தும் சரிவராவிட்டால், அது பூட்டியிருக்கும் கணினியை இப்போதைக்கு விண்டோஸிலேயே விட்டு மற்ற இரண்டையும் மாற்றுங்கள்.